வயிறு உப்பிய நாய்க்கு டாக்டர் ஏன் பின்னங்காலில் ட்ரிப் போடுவதில்லை?

வணக்கம் மக்களே! வயிறு உப்பிப்போய், உயிருக்கு இழுத்துக்கொண்டு ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் மேசையில் கிடக்கிறது. டாக்டர் பின்னங்கால் பக்கம் போகவே மாட்டார், ஊசி நேராக முன்னங்காலில் அல்லது கழுத்தில் இறங்கும். ஏன்? ஸ்கிப் பண்ணாமல் பாருங்கள்.

முதலில் போரடிக்கும் பகுதி, வேகமாகத் தாண்டிவிடுவோம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உதரவிதானம் என்ற தசைத் திரை. அதில் மூன்று வழி: முதுகெலும்பை ஒட்டிப் பெருந்தமனிக்கு ஒன்று, உணவுக்குழாய்க்கு ஒன்று, பின்பாதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் பெருஞ்சிரைக்கு ஒன்று. பெருந்தமனி வயிற்றுக்குள் வந்ததும் இரைப்பை, கல்லீரல், மண்ணீரல், குடல், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் கிளை கொடுத்துக்கொண்டே போகும். மனிதருக்கு அது கடைசியில் இரண்டாகப் பிரியும், நாய்க்கோ பின்னங்கால்களுக்கு இரண்டு கிளை முதலில், இடுப்புக்குள் இரண்டு அப்புறம், மிச்சம் ஒன்று நேராக வாலுக்கு! வாலாட்டத் தனி சப்ளை, பின்னே சும்மாவா?

சரி, விஷயத்துக்கு வருவோம். தமனியின் சுவர் தடிமன், உள்ளே அழுத்தமும் அதிகம், லேசில் நசுங்காது. சிரை அப்படியில்லை, மெல்லிய சுவர், குறைந்த அழுத்தம். கிரேட் டேன் மாதிரி ஆழமான நெஞ்சுள்ள பெரிய நாய்களுக்கு இரைப்பையில் காற்று நிறைந்து அப்படியே முறுக்கிக்கொள்வது உண்டு, டாக்டர்கள் ஜிடிவி என்பார்கள். அந்த உப்பிய இரைப்பை பெருஞ்சிரையையும், குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரையையும் சேர்த்து அமுக்கிவிடும்.

நம்ம பெங்களூரு கணக்கில் சொன்னால், ஊருக்குத் தெற்கே இருக்கும் சில்க் போர்டு ஜங்ஷன் மொத்தமாக ஜாம். ஓசூர் ரோட்டிலிருந்து வரும் வண்டி எதுவும் ஊருக்குள் நுழையாது. முதுகெலும்புக்குள் ஓடும் சிரைகள், அஸைகஸ் சிரை என்று சர்வீஸ் ரோடு உண்டு, கொஞ்சம் ரத்தம் அப்படிச் சுற்றி வரும், ஆனால் போதாது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது, நாய் ஷாக்கில் விழுகிறது. இந்த நேரத்தில் பின்னங்காலில் ட்ரிப் ஏற்றினால் அதுவும் அதே ஜாமில்தான் போய் நிற்கும். முன்னங்கால் என்றால் வடக்கே ஹெப்பாள் பக்கமிருந்து வருவது மாதிரி, சிக்கலே இல்லாமல் இதயத்துக்குப் போய்விடும். (ஹெப்பாளிலும் ஜாம்தானே என்று கமெண்ட் போடப் போகிறவர்களே, தெரியும் சாமி!)

மண்ணீரல் வேறு பாவம், இரைப்பையோடு ஒட்டியிருப்பதால் அதுவும் சேர்ந்து இழுபடும், இரண்டுக்கும் நடுவிலுள்ள சிறு குழாய்கள் கிழிந்து உள்ளுக்குள் ரத்தம் கசியும்.

உங்கள் நாய் வாந்தி எடுக்க முயன்று ஒன்றும் வராமல் தவித்தால், எச்சில் ஒழுகினால், வயிறு உப்பினால், காலையில் பார்க்கலாம் என்று மட்டும் இருக்காதீர்கள், ராத்திரி என்றாலும் கிளம்புங்கள். பெரிய நாய் வளர்ப்பவர்கள், கருத்தடை ஆபரேஷன் செய்யும்போதே இரைப்பையை வலப்பக்க வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். காற்று நிறைவதை அது தடுக்காது, முறுக்கிக்கொள்வதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். செய்துகொண்ட நாய் உங்கள் வீட்டில் இருந்தால் கமெண்டில் அதன் பெயரைப் போடுங்கள்!