ஸ்கான் நல்லது என்றது, இடுப்பு ஏன் முறிந்தது?

கோண்டாவிலில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: “அம்மம்மாவுக்கு எலும்பு அடர்த்தி ஸ்கான் எடுத்தோம், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். இப்போது முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்துவிட்டது. ஸ்கான் பிழையா?” அருமையான கேள்வி. அம்மம்மா கெதியாகச் சுகமாகட்டும்.

ஸ்கான் பிழையாக இருக்க வேண்டியதில்லை. அந்த டெக்ஸா ஸ்கான் இரண்டு விதச் சக்தியுள்ள எக்ஸ்கதிரை அனுப்பி, வழியில் எவ்வளவு கனிமம் மறிக்கிறது என்று பார்த்து, அதை இளவயது ஆட்களின் சராசரியோடு ஒப்பிட்டு ஒரு எண் தரும். −2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புத் தேய்வு என்று 1994இல் உலக சுகாதார நிறுவனம் கோடு கீறியது. கோட்டுக்கு மேலே நிற்கிற நிறையப் பேருக்கும் எலும்பு முறிகிறது.

நான் திரும்பத் திரும்பச் சொல்கிறதுதான், பழைய வாசகர்கள் சிரிக்க வேண்டாம்: எலும்பு என்றால் கல்சியம் மட்டும் இல்லை. முன்பு ஒருதரம் வினாகிரியில் ஊறவைத்த கோழி எலும்பை வளைத்துக் காட்டினேனே, அதில் கனிமம் கரைந்து கொலாஜன் என்கிற புரத நார் மிஞ்சியது. மறுவளமாக, எலும்பை வெள்ளையாகும் வரை அடுப்பில் சுடுங்கள். கொலாஜன் எரிந்து போகும், கனிமம் அப்படியே இருக்கும், டெக்ஸாவுக்கு அது நல்ல எலும்புதான், விரலால் நசித்தால் பொடி!

அமைப்பும் இருக்கிறது. தொடை எலும்பின் மேல்முனைக்குள்ளே மெல்லிய எலும்புக் கம்பிகளும் தகடுகளும் பின்னிக் கிடக்கும். பனஞ்சிலாகை போட்ட கூரைக்கு மரத்தின் எடையை மட்டும் சொன்னால் போதுமா, எது எதோடு பொருந்தி நிற்கிறது என்று பார்க்க வேண்டாமா? குறுக்குக் கம்பி அறுந்தால் நெடுக்குக் கம்பி இலகுவில் மடியும்.

உண்மையில் தங்கச்சி கேட்டிருக்க வேண்டியது, எலும்பு நெரிபடும்போது உள்ளே நடப்பதைப் பார்க்க ஏலுமா என்று. ஏலும்! எலும்புத் துண்டை மைக்ரோ சீ.ரி.யில், அதாவது உள்ளமைப்பை மிக நுணுக்கமாக முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்கதிர் ஸ்கானில், ஒருதரம் படமெடுத்து, உள்ளே வைத்தபடியே கொஞ்சம் அமுக்கி மறுபடி எடுப்பார்கள். ஒவ்வொரு சின்னப் பகுதியும் எவ்வளவு அசைந்தது என்று இரண்டு படத்தையும் ஒப்பிட்டுக் கொம்பியூட்டர் சொல்லும். கம்பியும் தகடும் பின்னிய அந்தப் பஞ்செலும்பில் 1999இலேயே செய்து காட்டிவிட்டார்கள். துண்டு முழுக்கச் சமமாக நசிவதில்லை, சில இடங்கள்தான் முதலில் பிடிவிடும். எனக்கு இதைவிட அழகான படம் கிடையாது.

சிக்கல் என்னவென்றால், இன்னும் நுணுக்கமாகப் பார்க்க சிங்க்ரோட்ரோன் என்கிற பெரிய இயந்திரம் தரும் மிகப் பலமான எக்ஸ்கதிருக்குப் போனால், கதிர் கூடிப்போய்க் கொலாஜனைக் கெடுத்து எலும்பையே நொறுங்கப் பண்ணும். பார்க்கப் போய்ப் பழுதாக்கிற வேலை. ஆகவே அம்மம்மாவின் இடுப்பில் இதெல்லாம் நடக்காது, உயிரோடு இருப்பவர்களுக்குச் சாதாரண சீ.ரி. படத்தை எடுத்து, அமுக்குகிற வேலையைக் கொம்பியூட்டருக்குள் செய்து பார்க்கிறார்கள். மற்றப் பக்க இடுப்பைப் பற்றி டொக்டரிடம் கேளுங்கள் தங்கச்சி, இப்படி விழுந்து இடுப்பு முறிந்த பிறகு எண் −2.5க்கு மேலே இருந்தாலும் மருந்து பற்றிக் கதைக்கலாம்.