சேருக்கும் தெரியாத கேள்வி

(திருகோணமலையில், பல்கலைக்கழக முதலாம் வருடத்தை முடித்த மாணவர்களின் கூட்டமொன்றில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். கச்சான் காற்று மணலை அள்ளி முகத்தில் வீசுகிற இந்த வெயிலில் வீட்டில் படுத்திருக்காமல் வந்திருக்கிறீர்கள். அதற்கே நன்றி சொல்லவேண்டும். மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்தவர்கள் கெட்டிக்காரர்.

2003இல் நானும் இப்படித்தான் முதலாம் வருடம் முடிந்து லீவுக்கு ஊருக்கு வந்தேன். சண்டை ஓய்ந்திருந்த நேரம். புறப்படும்போது எங்கள் விரிவுரையாளர் ஒருவர் கூப்பிட்டார். "நீர் திருகோணமலைதானே? கன்னியா வெந்நீர் ஊற்றில் ஏழு கிணறுகளிலும் வெப்பநிலை எடுத்துக்கொண்டு வாரும்" என்று ஒரு வெப்பமானியையும் ஒரு கொப்பியையும் தந்தார். இரண்டு கிழமை, காலையில் ஒருதரம், பின்னேரம் ஒருதரம். இதில் என்ன ஆராய்ச்சி இருக்கிறது என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

போன பிறகுதான் தெரிந்தது. வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்கி, தூக்கிப் பார்த்தால் காற்றுப் பட்டதும் அளவு இறங்கிவிடுகிறது. வாளியில் அள்ளி அதற்குள் வைத்தால் வாளி சூட்டைக் குடித்துவிடுகிறது. கடைசியில் கிணற்றுக் கட்டின்மேல் குப்புறப் படுத்து, வெப்பமானி தண்ணீருக்குள் இருக்கும்போதே வாசிக்கப் பழகினேன். அதற்கே மூன்று நாள் போனது. குளிக்க வந்த ஒரு ஆச்சி, "தம்பி, மோதிரம் கீதிரம் விழுந்திட்டுதோ?" என்று கேட்டார்.

ஏழும் பக்கத்துப் பக்கத்துக் கிணறுகள். ஆனால் சூடு ஒன்றுபோல இல்லை. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் வாளால் குத்திய இடங்கள் என்று நாங்கள் சின்ன வயதில் கேட்ட கதை ஒருபுறம் இருக்கட்டும். நம் நாட்டில் எரிமலை கிடையாது. மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளால் ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வருகிறது. இவ்வளவும் புத்தகத்தில் இருந்தது. இந்தக் கிணற்றுக்கும் அடுத்த கிணற்றுக்கும் ஏன் வித்தியாசம்? கொப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கேட்டேன்.

"தெரியாது. பாப்பம்" என்றார் சேர்.

பிள்ளைகள், 13 வருடம் பள்ளிக்கூடம், அதற்கு மேல் ரியூசன், கடந்தகால வினாத்தாள், புள்ளித்திட்டம். எந்தக் கேள்விக்கும் எங்கேயோ ஒரு விடை அச்சடித்துக் கிடக்கிறது என்று நம்பி வளர்ந்தவன் நான். படிப்பித்தவர் ஒருவர் கூச்சமில்லாமல் தெரியாது என்று சொன்னதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

ஒரு களவையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் ஒருநாள் ஒன்றுவிட்ட அக்காவின் கலியாணம். கன்னியாவுக்குப் போகவில்லை. கொப்பியில் வெறுமை விடப் பயந்து, முதல்நாளையும் மறுநாளையும் கூட்டி இரண்டால் பிரித்து எழுதிவிட்டேன். சேர் பக்கத்தைப் புரட்டியவர் அதிலேயே நின்றார். "இது மட்டும் ஏழு கிணறும் நட்டநடுவில் நிற்குதே?" என்றார். நான் கலியாணத்தைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. அந்த வரியைக் கோடிட்டு வெட்டி, ஓரத்தில் 'அளக்கவில்லை' என்று எழுதினார். ஏசியிருந்தால் மறந்திருப்பேன்.

நம்மிடம் இப்படிச் சொந்தமாக ஆய்வு செய்யும் சந்தர்ப்பம் பெரும்பாலும் சிறப்புப் பட்டத்தின் நாலாம் வருடத்தில்தான் வருகிறது. அதற்குள் விதியெல்லாம் மனப்பாடமாகி, கேள்வி கேட்கும் பழக்கம் போய்விடும். போலரொயிட் கமெராவைக் கண்டுபிடித்த எட்வின் லாண்ட் 1957இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இதைத்தான் மேடையேறிச் சொன்னார்: வந்து சேர்ந்த காலத்திலிருந்தே மாணவருக்குச் சொந்தமாக ஒரு ஆய்வு வேண்டும் என்று. 12 வருடம் கழித்து, 1969இல், மார்கரெட் மக்விக்கர் என்ற பேராசிரியை அங்கே அதைத் திட்டமாக்கினார். முதலாம் வருட மாணவரும் பேராசிரியரோடு சேர்ந்து வேலை செய்யலாம். 1987இல் அந்நாட்டின் தேசிய அறிவியல் நிறுவனம் கோடை ஆய்வுக்கு உதவிப்பணம் கொடுக்கும் திட்டமொன்றைத் தொடங்கியது. இன்று அங்கே முதலாம் வருடச் சிறப்பு மாணவருக்கென்றே கோடைத் திட்டம் வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு.

உதவிப்பணம் என்ற சொல்லில் கொஞ்சம் நிற்கிறேன். இங்கே லீவு வந்தால் பாதிப் பேர் நிலாவெளி ஹோட்டல்களில் வேலைக்குப் போகிறீர்கள், மற்றவர்கள் ரியூசன் கொடுக்கிறீர்கள். மகாபொலப் புலமைப்பரிசில் பணம் எத்தனை நாளைக்கு? காசு கொடுக்காமல் ஆய்வுக்குக் கூப்பிட்டால் வசதியான வீட்டுப் பிள்ளைதான் வரும். முன்வரிசையில் இருக்கும் விரிவுரையாளர்களே, பஸ் காசும் மத்தியானச் சாப்பாடுமாவது பார்த்துக் கொடுங்கள். அப்புறம், பிள்ளையை வினாக்கொத்துப் பிரதி எடுக்க மட்டும் வைத்திருந்துவிட்டு 'வழிகாட்டினேன்' என்று எழுதாதீர்கள். கிழமையில் ஒரு மணித்தியாலம் பக்கத்தில் இருத்திவைத்துக் கொப்பியைப் பாருங்கள்.

நீங்களும் "சேர், ஏதாவது புரொஜெக்ட் இருக்குதோ?" என்று போய் நிற்கவேண்டாம். அவர் எழுதிய கட்டுரை ஒன்றைத் தேடி வாசியுங்கள். முக்கால்வாசி விளங்காது, பரவாயில்லை. விளங்காத ஒரு இடத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

கேள்விக்கு ஊர் முழுக்க இடம் இருக்கிறது. 2003இல் தேசியப் பூங்காவான புறாமலைத் தீவில் முருகைக்கல்லின் மேல் ஏறி நிற்பவர்கள் ஒரு மணித்தியாலத்தில் எத்தனை பேர்? கரையில் இருந்தே எண்ணலாம், வனசீவராசிகள் திணைக்களத்திடம் அனுமதி எடுத்துக்கொண்டு. மூதூரிலும் கிண்ணியாவிலும் சம்பூரிலும் ஒரே மீனுக்கு என்ன என்ன பெயர்? இதற்கு ஆய்வுகூடமே வேண்டாம், விடிய எழும்பிக் கரைக்குப் போனால் போதும். மீன்காரர் பேசுகிற வேகத்துக்கு எழுதுவதுதான் பாடு.

நான் வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கன்னியாவில் நிற்பேன். அனுமதிக் கடிதம் எடுத்துவிட்டேன். வெப்பமானி என்னிடம் இரண்டு இருக்கிறது. கொப்பியை நீங்கள் கொண்டுவாருங்கள். குப்புறப் படுக்கவேண்டி வரும், பழைய சட்டையாகப் போட்டு வாருங்கள்.