7000 படிகளும் ஓர் ஈரச் சட்டையும்

வணக்கம், நேயர்களே. கொழும்பில் மின்விசிறி நின்றால் ஐந்து நிமிடங்கூடப் பொறுக்கமாட்டாத ஒருத்தி, குளிரில் விறைத்துச் சாவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறாள் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரியுங்கள். புவியியல் ஆசிரியையாக இருந்த காலம் முழுவதும் காற்று, மழை, உயரம், வெப்பநிலை என்று கரும்பலகையில் எழுதிய நான், அவை உடம்பின் மீது எப்படிக் கணக்குத் தீர்க்கின்றன என்பதை ஓய்வு பெற்ற பின்னர், வெள்ளவத்தை வீட்டில் ஒரு கணினி விளையாட்டின் முன்னால் உட்கார்ந்துதான் சரியாகக் கற்றுக்கொண்டேன்.

அந்த விளையாட்டின் பெயர் ஸ்கைரிம். பெதெஸ்டா நிறுவனம் 2011 நவம்பரில் வெளியிட்டது. வாளும் மந்திரமும் பறவை நாகங்களும் நிறைந்த, வடக்கே பனி மூடிய ஒரு கற்பனை நாடு. கதையைத் தொடரலாம், தொடராமல் திசை போன போக்கில் நடந்துகொண்டும் இருக்கலாம். என் பெறாமகன் அதை என் கணினியில் போட்டுத் தந்தபோது, முதல் வாரம் நான் கதையையே மறந்து மலைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு குறை என் கண்ணை உறுத்தியது. பனிப்புயல் வீசும், உடம்புக்கு ஒன்றும் ஆகாது. பனிக்கட்டி மிதக்கும் கடலில் கோவணத்தோடு நீந்திக் கரையேறலாம், ஒரு தும்மல்கூட வராது. அந்தப் பனி அத்தனையும் சுவரில் அடித்த வெள்ளைச் சாயம்!

இங்கேதான் மொட் என்பது வருகிறது. மொட் என்றால் என்னவென்று கேட்கும் மூத்தவர்களுக்காகச் சொல்கிறேன்: கடையில் வாங்கிய சட்டையைத் தையற்காரரிடம் கொடுத்து நம் உடம்புக்கு ஏற்றபடி திருத்துவதைப்போல, வெளிவந்த விளையாட்டை விளையாடுவோரே திருத்திக்கொள்வது. அதற்கான கருவியை 2012 பெப்ரவரியில் அந்நிறுவனமே இலவசமாகக் கொடுத்தது. அதே ஆண்டில் செஸ்கோ என்னும் புனைபெயர் கொண்ட ஒருவர் ஃப்ரொஸ்ட்ஃபோல் என்ற மொட்டை வெளியிட்டார். அது செய்தது ஒன்றே ஒன்று: அந்த நாட்டின் குளிரை மெய்யாக்கியது.

எப்படி என்கிறீர்களா? நீங்கள் நிற்கும் பிரதேசம் எது, வானிலை என்ன, பகலா இரவா, உடுத்தியிருப்பது என்ன, உடம்பு நனைந்திருக்கிறதா என்று அது ஓயாமல் கணக்குப் பார்க்கும். தெற்கே காட்டுப்பகுதியில் தாங்கலாம். வடகரையில் தாங்கவே முடியாது. உடைகளுக்கு இரண்டு குணங்களை அது பிரித்து வைத்திருப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒன்று உடற்சூட்டைக் காப்பது, மற்றது நனையாமல் மறைப்பது. தடித்த கம்பளி ஸ்வெட்டரோடு மழையில் நின்றவர்களுக்கும், மெல்லிய மழைக்கோட்டோடு நுவரெலியாவில் இரவு கழித்தவர்களுக்கும் இந்த வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி என் சொந்தக் கதை. பெறாமகன் இதை இன்னும் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பதால், நானே முந்திக்கொள்கிறேன். அந்த நாட்டிலேயே உயரமான மலையில் ஹை ஹ்ரோத்கார் என்றொரு மடம் உண்டு. அடிவாரத்தில் ஐவர்ஸ்டெட் என்னும் சிற்றூர். அங்கிருந்து மடத்துக்கு 7000 படிகள் என்பது ஊர்வழக்கு. எண்ணிப் பார்த்தால் அத்தனை இல்லை, அது கிடக்கட்டும். மடத்துத் துறவிகளுக்கு உப்பிட்ட இறைச்சியும் உலர்ந்த மீனும் சுமந்து போகும் கிளிமெக் என்பவர், தமக்குக் கால் முன்போல இல்லையென்று அந்தப் பையை நம்மிடம் தருவார். நானும் பெருமையாக வாங்கிக்கொண்டேன். ஊருக்கும் படிக்கட்டுக்கும் நடுவே ஆறு, ஆற்றுக்குக் குறுக்கே நல்ல பாலம். பாலத்தில் போயிருக்கலாம். தண்ணீரில் மீன் துள்ளியதைக் கண்டு, பழைய பழக்கத்தில் ஆற்றில் குதித்து நீந்தி அக்கரை ஏறினேன். அப்போது மாலை.

முதல் வளைவுகளில் ஒன்றுமே தெரியவில்லை. பைன் மரங்கள் மறைந்து பனி தொடங்கியதும் என் பாத்திரம் நடுங்கத் தொடங்கிற்று. திரையின் ஓரங்கள் வெளிறின. நடை தளர்ந்தது. வழியில் பனிப்பூதம் ஒன்று காத்திருக்கும் என்று கேள்விப்பட்டு வாளை உருவிக்கொண்டுதான் போனேன். அந்தப் பூதத்தைக் காணும் முன்பே, ஒரு கல்வெட்டின் அருகில், ஈரச் சட்டையோடு விழுந்தேன். "சின்னம்மா, உங்களைக் கொன்றது பூதமில்லை, பாலத்தில் போகாததுதான்" என்றான் பிள்ளை.

அவன் சொன்னது முழு உண்மை. நம் உடம்பின் உள்வெப்பம் ஏறக்குறைய 37 பாகை செல்சியஸ். 35க்குக் கீழே இறங்கினால் அதையே மருத்துவர்கள் தாழ்வெப்ப நிலை என்கிறார்கள். அதே குளிரில் காற்று பறிப்பதைவிடப் பல மடங்கு வேகத்தில் நீர் நம் சூட்டைப் பறித்துவிடும். இதைச் சிவனொளிபாதமலை ஏறியவர்கள் அறிவார்கள். 2243 மீற்றர் உயரம். நல்லதண்ணிப் பக்கமாக நள்ளிரவில் ஏறும்போது வியர்த்து வழியும், ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டுவோம். உச்சியில் சூரியோதயத்துக்காகக் காற்றில் உட்கார்ந்த பத்தாவது நிமிடம், அந்த வியர்வையே நம்மை உலுக்கும். நான் முதன்முறை போனபோது பல் கிட்டி, இறங்கும் வழியில் ஒரு கடையில் இஞ்சி போட்ட பிளேன்ரீ குடித்த பிறகே பேச்சு வந்தது. ஈரம், நேயர்களே, ஈரம்! குளிரைக்கூடச் சமாளித்துவிடலாம்.

இரண்டாம் முறை பாலத்தால் போனேன். அதற்கு முன் மிருகத்தோல் உடையும் தலைமூடியும் வாங்கினேன். கோடரியால் விறகு வெட்டினேன். ஒரு சிறிய கூடாரத்தையும் சுமந்தேன். விடியற்காலையில் புறப்பட்டேன். அந்த உலகில் நம்முடைய ஒரு நிமிடம் இருபது நிமிடங்களாக ஓடும், ஆகவே ஒரு முழு நாள் நமக்கு 72 நிமிடங்கள். சமையலறையில் சோறு வெந்து இறங்குவதற்குள் அங்கே இருட்டிவிடும். பாதிவழியில் பனி கொட்டத் தொடங்கியது. பாறை மறைவில் தீ மூட்டிக் கையை நீட்டிக் காய்ந்துகொண்டு, வானம் வெளிக்கும்வரை பதினைந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். விளையாட்டில் சும்மா இருப்பதா என்று பிள்ளை கேட்டான். எனக்கோ அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் அந்த மலை மலையாயிற்று: காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, அடுத்த மறைவு எங்கே, கையில் விறகு எத்தனை என்று பார்க்கத் தொடங்கினேன். வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டு நொடியில் போய்ச் சேரும் வசதியையும் இந்த மொட்டில் நிறுத்திவைக்கலாம். நிறுத்துங்கள் என்பது என் வேண்டுகோள். அப்போதுதான் பத்துப் பொற்காசுக்கு ஒரு சத்திரத்து அறை எவ்வளவு மலிவு என்று விளங்கும்.

கண்ணாடிக்கு அப்பால் இரண்டு விரல் காட்டுகிறார்கள். பசி, உறக்கம், வேட்டை பற்றி எழுதி வந்த தாள்கள் அப்படியே இருக்கின்றன, சுருக்கமாகச் சொல்கிறேன். ஃப்ரொஸ்ட்ஃபோல் குளிரை மட்டுமே கவனிக்கும். பசியும் களைப்பும் சேர்ந்த ஒரு பிழைப்பு முறையை 2017இல் பெதெஸ்டாவே வெளியிட்டது; இரண்டையும் ஒருசேரப் போடாதீர்கள், ஒன்றோடொன்று முட்டும். குளிரின் உச்சத்தில் சாகவேண்டுமா, யாராவது வந்து காப்பாற்றவேண்டுமா என்பதை அமைப்பில் நீங்களே தெரிவு செய்யலாம். புதியவர்கள் காப்பாற்றுவதைத் தெரியுங்கள், அதில் வெட்கமில்லை. வடகரைக் கடலைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன், அதற்கு நேரமில்லை. அதில் இறங்காதீர்கள், அவ்வளவுதான்.

கிளிமெக்கின் பை? மடத்து வாசலில் உள்ள காணிக்கைப் பெட்டியில் சேர்த்துவிட்டேன். மீன் நனையவில்லை. வணக்கம்.