பெட்டி வீடு வாங்கப் போறீங்களா? முதல்ல குனிஞ்சு கீழ பாருங்கோ!

வணக்கம் உறவுகளே, திருகோணமலையில இருந்து கதைக்கிறன். இந்தப் படத்தைக் கொஞ்சம் பாருங்கோ. ஒரு வீட்டோட வெளிச்சுவரில, உள்ளங்கையளவு ஒரு சிவப்புத் தகடு, அதில ஒரு நம்பர். விதிப்படி செய்த வீடு எண்டதுக்கு அதுதான் அத்தாட்சி. இந்தத் தகடு இல்லாட்டி அமெரிக்காவில பக்டரியில செய்யிற பெட்டி வீட்டை வெளிய எடுத்து விக்கவே ஏலாது. ரெண்டு துண்டாச் செய்து பொருத்துற வீடெண்டா ரெண்டு துண்டுக்கும் தனித்தனித் தகடு வேணும்.

இப்ப எங்கட நிலாவெளி ரோட்டால லொறியில ஏத்திக்கொண்டு போற கபின் வீடுகளைப் பாருங்கோ, கெஸ்ட் ஹவுஸுக்கு, கடைக்கு, வளவுக்குள்ள ஒரு மேலதிக அறைக்கு எண்டு எல்லாரும் வாங்கினம். நான் போய்ப் பார்த்த எதிலயும் செய்தவையின்ட போன் நம்பரைத் தவிர வேற ஒண்டும் ஒட்டியிருக்கேல்ல.

சரி, வரலாறு சுருக்கமா. அமெரிக்காவில 1974ல சட்டம் வந்தது, 1976 ஜூன் 15ல இருந்து நடைமுறை. வீடமைப்புத் திணைக்களத்தை அங்க ஹட் எண்டு கூப்பிடுவினம், அதால இதுக்குப் பேர் ஹட் கோட், கோட் எண்டா வீடு எப்பிடிச் செய்யவேணும் எண்ட விதித்தொகுப்பு. நாடு முழுக்க ஒரே கோட், ஊருக்கு ஊர் மாறாது. புகை அலாரம், படுக்கையறையில ஆள் வெளிய குதிக்கக்கூடிய ஜன்னல், பலகையில போர்மல்டிஹைட் அளவு, கூரைப் பாரம் எல்லாம் அதுக்குள்ள இருக்கு. அதுகளை இண்டைக்கு விடுவம், ஏனெண்டா எனக்கு நித்திரை வராமப் பண்ணினது காத்துப் பகுதிதான்.

1992 ஓகஸ்ட்ல அன்ட்ரூ எண்டொரு புயல் தெற்கு புளோரிடாவை அடிச்சது. அந்த நேரம் கோட் இருந்தது, தகடும் இருந்தது, ஆனாலும் அந்தப் பக்கத்தில பெட்டி வீடுகள் கிட்டத்தட்ட எல்லாமே நொறுங்கிப் போச்சு, நிலத்தில கட்டின வீடுகள் பெரும்பாலும் தப்பினது. சட்டத்தைப் போட்டாச்சு எண்டு விட்டிருக்கலாம், அவை விடேல்ல, 1994ல காத்துப் பகுதியையே திருத்தி எழுதினவை. நாட்டை மூண்டு காத்து வலயமாப் பிரிச்சு, புயல் ஆகப் பலமா அடிக்கக்கூடிய கடலோரங்களுக்கு ஆகக் கடுமையான மூண்டாம் வலயம், மணிக்கு 110 மைல், அதாவது 177 கிலோமீற்றர் வேகத்துக்கு வீடு நிக்கவேணும். 2004ல சார்லி புயல் அதே புளோரிடாவுக்கு வந்தபோது 1994க்குப் பிறகு செய்த வீடுகள் பழையதுகளை விட எவ்வளவோ நல்லா நிண்டது. இதுதான் எனக்குப் பெரிசாத் தெரியுது, ஒரு அழிவைப் பார்த்து விதியை மாத்தினது.

இப்ப கணக்குக்கு வாறன், இதைத் தள்ளி விட்டுட்டுப் போகாதேங்கோ பிளீஸ். என்ர மாமா நிலாவெளியில கடற்கரைப் பக்கம் 20க்கு 10 அடியில ஒரு கபின் வாங்கி வச்சிருக்கிறார். போன மாசம் போய் மணலில முழங்கால் ஊண்டிக் குனிஞ்சு கீழ பார்த்தன். நாலு மூலையிலயும் நாலு சீமெந்துக் கல்லு, அதுக்கு மேல சும்மா வீடு குந்திக்கொண்டிருக்கு. ஒரு போல்ட் இல்ல, ஒரு கம்பி இல்ல. கேட்டா, "டேய் தம்பி, ஒண்டரைத் தொன் பாரமடா, எங்க போகப்போகுது?" எண்டார்.

எங்க போகுமெண்டு பார்ப்பம். காத்து வீட்டைப் பக்கத்தால தள்ளுறது மட்டும் இல்ல, கூரைக்கு மேலால வேகமாப் போகேக்குள்ள மேல அமுக்கம் குறைஞ்சு கூரையை உறிஞ்சித் தூக்கும். வேகம் ரெண்டு மடங்கானா விசை நாலு மடங்காகும். மூண்டாம் வலயத்துக்கு அந்தக் கோட் சொல்லுற மேல்நோக்கிய இழுவை ஒரு சதுர அடிக்கு 32 றாத்தல், ஏறத்தாழ பதினாலரைக் கிலோ. மாமாவின்ட கூரை 200 சதுர அடி. பெருக்கினா 2,900 கிலோ! வீடு 1,500 கிலோ. ஐம்பது கிலோ சீமெந்துப் பை 58ஐ மேல தூக்கக்கூடிய இழுவை, கீழ பிடிக்க 30 பைப் பாரம்தான் இருக்கு. மாமாவுக்கு இதைத் துண்டில எழுதிக் காட்டினன், ரெண்டு தரம் தானே பெருக்கிப் பார்த்தார், பிறகு ஒண்டும் கதைக்கேல்ல.

அப்ப அங்க என்ன செய்யினம்? இரும்புப் பட்டியால வீட்டை நிலத்தோட கட்டினம். பட்டி, அதை நிலத்துக்குள்ள இறுக்கிப் பிடிக்கிற நங்கூரம் எல்லாம் 3,150 றாத்தல் தாங்கவேணும், அதாவது 1,400 கிலோவுக்கு மேல, அதுக்கு மேல இன்னும் பாதி கூடப் போட்டாலும் அறக்கூடாது. ஒரு திரீவீலர் 350 கிலோ எண்டு வையுங்கோ, ஒரு பட்டியில நாலு திரீவீலரைத் தொங்கவிடலாம்! ஒரு பட்டி மட்டும் இல்ல, வீட்டு நீளத்துக்கு வரிசையா, கடைசிப் பட்டி மூலையில இருந்து ரெண்டு அடிக்குள்ள இருக்கோணும். துருப்பிடிக்காம நாகம், அதாவது துத்தநாகம், பூசியிருக்கோணும், எங்கட உப்புக்காத்துக்கு அது இல்லாம ஒரு மாரி தாங்குறதே கஷ்டம்.

புயல் எங்க வருது எண்டு கேக்கிற ஆக்களுக்கு: 2020 டிசம்பர் 2 இரவு புரெவி கரையேறினது திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில, நிலாவெளிக்குப் பக்கத்தில. தனுஷ்கோடியை அழிச்ச 1964 டிசம்பர் புயலும் எங்கட பக்கத்தை அடிச்சிட்டுத்தான் அங்க போனது, அம்மம்மாட ஆக்களிட்டக் கேட்டுப் பாருங்கோ.

கபின் கூடாது எண்டு நான் சொல்லேல்ல. வீடில்லாத குடும்பத்துக்கு கெதியா ஒரு கூரை கிடைக்கிறது நல்ல விசயம். ஆனா வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடு எண்டு 2016ல கதை வந்தபோது அத்திவாரம் என்ன, வெக்கைக்கு என்ன செய்யிறது எண்டு எங்கட ஆக்கள் எவ்வளவு கேட்டவை! அரசாங்கம் தாற வீட்டுக்குக் கேட்ட கேள்வியைச் சொந்தக் காசில வாங்கிற வீட்டுக்கும் கேளுங்கோவன். எந்தக் காத்து வேகத்துக்குச் செய்தது, எதோட கட்டுறது, எழுத்தில தருவீங்களா? இந்த மூண்டும் போதும்.

மாமா இப்ப வளவில குழி வெட்டிக்கொண்டிருக்கிறார். நிலாவெளி மணலில முறுக்கி இறக்கிற நங்கூரம் லேசா உருவிக்கொண்டு வரும், அதால கொங்கிரீட் போட்டு அதுக்குள்ள கொக்கியை இறுக்குறம். முதல்ல வந்த பட்டி வெறும் பெயின்ட் அடிச்சது, திருப்பி அனுப்பிட்டம். நாகம் பூசின பட்டி வெள்ளிக்கிழமை வருது, கட்டுறதை முழுசா எடுத்துப் போடுறன், சப்ஸ்கிரைப் பண்ணி வையுங்கோ. அதுக்கிடையில உங்கட வீட்டில கபின் இருந்தா கீழ குனிஞ்சு ஒரு படம் எடுத்து கொமென்ட்ல போடுங்கோ, ஒவ்வொண்டையும் பார்த்துப் பதில் சொல்லுறன்.