துணி இலவசம், தையற்கூலி யார் தருவது?

நேயர்களுக்கு வணக்கம். பிள்ளைகளைப் புது வகுப்புக்கு அனுப்ப ஆயத்தமாகும் வீடுகளில் இந்த நாட்களில் ஓடும் கணக்கைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் படிப்பித்தவன். சொல்லப்போவது பெரும்பாலும் அந்தப் பக்கத்து வீடுகளில் கண்டது.

நம் இலங்கையில் 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1980இல் இலவசப் பாடநூல், 1993இல் இலவசச் சீருடைத் துணி. இடையில், 2016ஆம் ஆண்டுச் சீருடைக்கு, துணிக்குப் பதிலாக வவுச்சர் கொடுத்தார்கள். அப்புறம் மறுபடியும் துணிக்கே வந்தோம். பொருளாதார நெருக்கடியிலும் இந்த உதவி நின்றுபோகவில்லை. 2025ஆம் ஆண்டுக்கான துணி முழுவதையும் சீனா அன்பளிப்பாகத் தந்தது. இதெல்லாம் சின்ன விசயம் இல்லை.

ஆனால் பாடசாலையில் கையெழுத்து வைத்து வாங்கும் அந்தத் துணி உடுப்பாக மாறும்வரை உள்ள செலவு முழுக்கப் பெற்றோர் தலையில்தான். நூல், பொத்தான், தையற்கூலி. 2022க்குப் பிறகு இவை எல்லாமே ஏறிவிட்டன. தையல் மெசின் உள்ள வீடு எப்படியோ சமாளித்துவிடும். கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு மெசினும் இல்லை, தைக்க நேரமும் இல்லை. தையற்கடைக்குப் போனால் நத்தார் உடுப்பும் பொங்கல் உடுப்பும் முன்னால் குவிந்து கிடக்கும். முற்பணம் கட்டியவரின் துணிதான் முதலில் வெட்டப்படும்.

சரி, தைத்தாயிற்று. இலவசத் துணியில் ஒரு சோடிதான் வரும். மார்கழி, தை மாதங்களில் எங்கள் பக்கம் விடாத மழை. வெள்ளைச் சட்டையைப் பின்னேரம் தோய்த்து, நீலம் போட்டு, குசினிக்குள் அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவிடுவார்கள். விடியக் கையில் எடுத்தால் கொலரும் கக்கமும் ஈரம், துணியெல்லாம் புகை மணம். அந்தப் பிள்ளை அன்றைக்கு வராது. மறுநாள் கேட்டால் “காய்ச்சல் சேர்” என்று சொல்லும். உடுப்புக் காயவில்லை என்று எந்தப் பிள்ளைதான் வகுப்புக்கு முன்னால் சொல்லும்?

2025இல் அஸ்வெசும என்ற அரச நிவாரணக் கொடுப்பனவு பெறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாடசாலை உபகரணங்களுக்காக 6,000 ரூபாய் கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் கொப்பியும் பையும் சப்பாத்தும் வாங்கினால் அதில் தையற்கூலிக்கு என்ன மிஞ்சும்?

பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை வருடத்துக்கு நான்கு சோடி சீருடை தைத்தே கொடுக்கிறார்கள். தைப்பது மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள். அளவு சரியில்லை என்ற முறைப்பாடு அங்கேயும் உண்டு. அதனால்தான் கொழும்பில் தைத்து லொறியில் அனுப்புங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு ஊரிலும் மாதர் சங்கத்தில் தையல் பழகிய பெண்கள் இருக்கிறார்கள். மூன்றாம் தவணை முடியுமுன் அவர்கள் பாடசாலைக்கே வந்து அளவெடுக்கட்டும். கூலியை அரசு அவர்களுக்குக் கொடுக்கட்டும். பிள்ளைக்கு உடுப்பு, அந்தப் பெண்ணுக்கு வருமானம்.

அதிபர்மாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு நிறத்துக்கொரு ரீசேட், சின்னம் பொறித்த கழுத்துப்பட்டி என்று நாமே செலவைக் கூட்டுகிறோம். நிற ரிபன் ஒன்றைக் கையில் கட்டிவிட்டாலும் பிள்ளை அதே ஓட்டம்தான் ஓடும்.

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்களே, பாடசாலை வாசலில் வளைவு கட்ட எவ்வளவோ அனுப்புகிறீர்கள். ஒரு வருடம் அந்தக் காசில் இரண்டாவது சோடி உடுப்பைத் தைத்துக் கொடுங்கள். கொடுக்கும்போது பிள்ளையை நிறுத்திப் படம் எடுத்து முகநூலில் போட வேண்டாம். பாடசாலை விட்ட பிறகு வகுப்பாசிரியர் தாயைக் கூப்பிட்டுப் பொதியைக் கையில் கொடுத்தால் போதும்.

நன்றி, வணக்கம்.