வெள்ளை ஈயின் வயிற்றுக்குள் நடக்கும் சங்கதி

(உழவர் கூட்டத்தில் பேசியது; கொஞ்சம் திருத்தி எழுதியிருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, வேலை மெனக்கெட்டு வந்திருக்கும் வேளாண் உதவி இயக்குநர் அம்மா அவர்களே, கூட்டுறவுச் சங்கத் தலைவர் அவர்களே, பந்தல் போட்டு மோரும் ஊற்றிய ஊராட்சித் தலைவர் அவர்களே, முன்வரிசை மாமன் மச்சான்களே, வேப்பமரத்தடியில் நின்றே கேட்கும் தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் டீ குடிக்கும்போது திட்டிக்கொள்ளுங்கள்.

மூன்று விஷயம் சொல்ல வந்தேன். உளுந்தில் மஞ்சள் தேமல் என்கிற வைரஸ் நோய் எப்படிப் பரவுகிறது, எந்த ரகம் போடலாம், அப்புறம் பயிர்க் காப்பீடு.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்களே, அதைத்தான் இந்த நோயைப் பரப்பும் வெள்ளை ஈ செய்கிறது. நோயுள்ள செடியில் சாறு குடிக்கும்போது வைரஸும் சேர்ந்து உள்ளே போகிறது. போனது ஊசிவாயிலேயே தங்கி அடுத்த செடியில் ஒட்டிக்கொள்வதில்லை. உணவுக்குழல் வழியாக நடுக்குடலுக்குப் போய், குடல் சுவரைத் துளைக்காமலே அதன் செல்களுக்குள் புகுந்து, பூச்சியின் ரத்தத்தில் கலந்து, கடைசியில் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய வேண்டும். குடலும் சுரப்பியும் இரண்டு சோதனைச் சாவடிகள். வைரஸின் மேலுறைப் புரதம் பொருந்தினால்தான் விடுவார்கள். அசுவினியும் சாறு குடிக்கும் பூச்சிதான், ஆனால் அது இந்த வைரஸைப் பரப்புவதில்லை, அதன் உடம்புச் சாவடியில் இந்த வைரஸுக்கு அனுமதி கிடையாது. இதே வெள்ளை ஈ பரப்பும் தக்காளி இலைச்சுருட்டை வைரஸில் அளந்து பார்த்திருக்கிறார்கள், குடித்ததிலிருந்து பரப்பும் நிலைக்கு வர சுமார் 8 மணி நேரம். அதற்கப்புறம் பல நாள் அந்த ஈ பரப்பிக்கொண்டே இருக்கும். இன்னொரு வேடிக்கை, அந்த ஈயின் உடம்பிலேயே குடியிருக்கும் பாக்டீரியா ஒன்று தயாரிக்கும் புரதம், ரத்தத்தில் வைரஸ் அழிந்துபோகாமல் காப்பாற்றுகிறது. அங்கேயும் பாருங்கள், உண்ட வீட்டுக்கு இரண்டகம்!

எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர், நெல் தரிசில் உளுந்து போட்டிருந்தார். வேலியோரம் நாலு செடி மஞ்சளடித்தது. கடைக்குப் போனார், சத்து பத்தலை என்று நுண்ணூட்டம் கொடுத்தார்கள். தெளித்தார், நாலு நாற்பதானது. மறுபடி போனார், டானிக் கொடுத்தார்கள். தெளித்தார், பாதி வயல் மஞ்சள். மூன்றாவது தடவை கிளம்பும்போது அவர் வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று, "அந்த டானிக்கை நீங்களே குடிங்க, செடியை விட உங்களுக்குத்தான் பலமில்லை" என்றார். அந்த அம்மா முதல் நாளே நாலு செடியையும் பிடுங்கிப் போடச் சொல்லியிருக்கிறார், யார் கேட்டது? நோய் வந்த செடியை எந்த மருந்தும் குணப்படுத்தாது. நம் காசில் வளர்ந்த கடைக்காரர் நமக்குச் செய்ததும் உண்ட வீட்டுக்கு இரண்டகம்தான்.

ரகம் பற்றிச் சொல்லவேண்டும், புதுக்கோட்டை வம்பன் பயறு ஆராய்ச்சி மையத்தின் வம்பன் 8 தேமலைத் தாங்கும், சரி. ஆனால் என் கோரிக்கை வேறு. கொரோனாவுக்கு மூக்கில் குச்சி விட்டார்களே, அந்த பிசிஆர் சோதனையை ஈயிலும் செய்யலாம். வயலில் பிடித்த ஈக்குள் வைரஸ் இருக்கிறதா என்று செடி மஞ்சளடிக்கும் முன்பே தெரிந்துவிடும். வட்டாரத்துக்கு ஒரு கருவி, அதை இயக்க ஒரு ஆள். உதவி இயக்குநர் அம்மா சிரிக்கிறார், மேலே எழுதி அனுப்புங்கள் அம்மா, நாங்களும் விடப்போவதில்லை.

தலைவர் மணியடித்துவிட்டார், காப்பீடு அடுத்த கூட்டத்தில். சோதனைக் கருவி கேட்கும் மனு மேடைக்கு இடப்பக்க மேஜையில் இருக்கிறது. கையெழுத்தோ கைநாட்டோ, பக்கத்தில் உங்கள் ஊர்ப் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள், போன தடவை அது இல்லாததால்தான் மனுவைத் திருப்பி அனுப்பினார்கள்.