கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள்: பயந்த குழந்தைக்கு எந்தக் கதை?

[திரையில்: மழை பெய்யும் மாலை. தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகள். ஒரு ஜன்னலில் மட்டும் எமர்ஜென்சி லைட்.]

ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் நீலகிரியின் கூடலூர், பந்தலூர் பக்கம் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும். காற்றில் தகரம் அடித்துக்கொள்ளும், தூரத்தில் கிளை முறியும். மூன்று வயதுப் பிள்ளை கம்பளிக்குள் சுருண்டுகொண்டு, "கதை சொல்லும்மா" என்று கேட்கும். அந்த நேரத்தில் எந்தக் கதையை எடுப்பது, எதை விடுவது என்று பார்ப்போம். இரண்டு முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது இது.

பயந்திருக்கும் குழந்தையிடம் பூவும் பட்டாம்பூச்சியும் மட்டும் வரும் கதையைச் சொன்னால் அது காதில் ஏறாது. மனதில் இருக்கும் பயம் கதையிலும் கொஞ்சம் வர வேண்டும், பிறகு அடங்க வேண்டும். அது எங்கே போய் அடங்குகிறது என்பதுதான் முக்கியம். அதனால் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால் கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள். அங்கே கதைக் குட்டிக்குக் கிடைக்கும் ஆறுதல், இன்று ராத்திரி உங்கள் பிள்ளையிடமும் இருக்கிறதா? இருந்தால் அந்தக் கதை உதவும். இல்லாவிட்டால், எவ்வளவு அழகான புத்தகமானாலும் இன்றைக்கு வேண்டாம்.

[திரையில்: மூன்று கடைசிப் பக்கங்கள், ஒன்றன்பின் ஒன்றாக.]

இருட்டுக்குப் பயப்படும் குட்டியைப் பற்றிய கதை என்று வைத்துக்கொள்வோம். கடைசியில் விளக்கு எரிகிறது, பயம் போகிறது. கரண்ட் இல்லாத ராத்திரியில் இதைக் கேட்கும் பிள்ளை என்ன நினைக்கும்? "நம்ம வீட்ல லைட் எப்ப வரும்?" கதை முடிந்த இடத்தில் பயம் மறுபடி தொடங்கிவிடும். இருட்டு அப்படியே இருக்க, அந்தக் குட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போகிற கதைதான் வேண்டும்.

அடுத்து, பிரிவைப் பற்றிய கதைகள். காலையில் இலை பறிக்கப் போய்ச் சாயங்காலம் திரும்பும் அம்மாவின் பிள்ளைக்கு, "போன அம்மா பொழுது சாய வந்துட்டா" என்று முடியும் கதை நல்ல மருந்து. அங்கன்வாடியில் சேர்ந்த முதல் சில வாரங்களில் அதையே தினமும் சொல்லலாம். அதே கதை, அம்மா திருப்பூரில் வேலை பார்க்க, பாட்டியிடம் வளரும் பிள்ளையைக் காயப்படுத்தும். பொழுது சாய்கிறது, அம்மா வரவில்லை. அந்தப் பிள்ளைக்குப் பாட்டியின் மடியில் முடியும் கதையைத் தேடுங்கள். அம்மா பொங்கலுக்கு வருவது உறுதியானால் "பொங்கலுக்கு வருவாங்க" என்று சொல்லலாம். உறுதியில்லாத நாளைக் கதையில் வைக்கவே வைக்காதீர்கள்.

மழை முகாமிலும் இதே கணக்குதான். 2009 நவம்பரில் நீலகிரியில் நிலச்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டுபோயின. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இப்படிப்பட்ட நாட்களில் குடும்பங்கள் பள்ளிக்கூடத்திலும் சமுதாயக் கூடத்திலும் தங்க நேரிடும். அங்கே படுத்திருக்கும் பிள்ளையிடம் "எல்லாரும் வீட்டுக்குத் திரும்பினாங்க" என்று முடிக்கக் கூடாது. கூடவே இருப்பது எதுவோ, அதில் முடியுங்கள்: அப்பாவின் குரல், அக்காவின் பக்கத்து இடம், வீட்டிலிருந்து எடுத்து வந்த போர்வை.

[திரையில்: தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு காட்டுமாடு. கேமரா தூரத்திலேயே நிற்கிறது.]

மலையில் இருப்பவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல் இருக்கிறது. சமவெளியில் வளரும் பிள்ளைக்குக் கரடி படத்தில் இருக்கும் மிருகம். குன்னூர், கோத்தகிரி பக்கம் அது வீட்டுப் பின்புறம் வரைக்கும் வரும். கொடைக்கானலில் காட்டுமாடு தெருவிலேயே நிற்கும். இங்கே "கரடியெல்லாம் வராது, தூங்கு" என்பது பொய் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். ஒருமுறை பொய் என்று தெரிந்துவிட்டால் அடுத்து நீங்கள் சொல்லும் ஆறுதலையும் அது நம்பாது.

கரடியைக் கட்டிப்பிடித்து விளையாடும் கதைகளும் இங்கே ஆகாது. பிள்ளை நிஜக் கரடியின் பக்கத்தில் போய்விடக் கூடாது. ஊரே கூடிக் கரடியை அடித்து விரட்டும் கதை இன்னும் மோசம். கரடி கோபத்தோடு திரும்பி வரும் என்று பிள்ளை ராத்திரியெல்லாம் காத்திருக்கும். எடுக்க வேண்டியது மூன்றாவது வகை: மிருகம் தன் வழியில் வருகிறது, இலையையோ பழத்தையோ தின்கிறது, தன் வழியில் போகிறது. மனிதர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். பிள்ளைக்குப் பாதுகாப்பு விதியும் கிடைக்கிறது, நிம்மதியும் கிடைக்கிறது. அச்சில் இந்த வகை குறைவு, அதனால் நீங்களே சொல்ல வேண்டியிருக்கும்.

சொந்தமாகச் சொல்ல ஒரு அமைப்பு இதோ.

[திரையில்: ஓவியம். மூடுபனிக்குள் ஒரு மரம், கிளையில் மலையணில் குட்டி.]

மலையணில் குட்டி ஒன்று கிளையில் உட்கார்ந்திருந்தது. பனி வந்தது. பக்கத்து மரம் மறைந்தது. "அம்மா, எங்க இருக்க?" "இங்கதான் இருக்கேன்." பனி இன்னும் வந்தது. தன் கிளையே மறைந்தது. "அம்மா, எங்க இருக்க?" "இங்கதான் இருக்கேன்." அப்புறம் தன் வாலே தெரியவில்லை. "அம்மா, எங்க இருக்க?" "இங்கதான் இருக்கேன், கூட்டுக்குள்ள வா." குட்டி குரல் வந்த பக்கம் போனது. கூடு கதகதப்பாக இருந்தது. வெளியே பனி அப்படியே இருந்தது.

கவனியுங்கள், பனி விலகவே இல்லை. பயம் மூன்று படியாக ஏறுகிறது, ஒவ்வொரு படியிலும் அதே பதில் வருகிறது. இரண்டாம் தடவையே பிள்ளை அந்தப் பதிலை உங்களோடு சேர்ந்து சொல்லத் தொடங்கும். அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிவதுதான் இந்த வயதில் பெரிய பலம். ஒரே கதையை இரண்டு வாரம் தொடர்ந்து கேட்டாலும் சலிக்காமல் சொல்லுங்கள், வார்த்தையைக்கூட மாற்ற வேண்டாம்.

குட்டிக்கு உங்கள் பிள்ளையின் பெயரை வைக்க வேண்டாம். பனியில் தொலைவது அணிலாக இருக்கும்வரை பிள்ளை தள்ளி நின்று பார்க்கும். தன் பெயர் வந்தால் தொலைவது தானாகிவிடும்.

அளவும் முக்கியம். இரண்டு, மூன்று வயதில் ஐந்து நிமிடம் போதும், பக்கத்துக்கு ஒன்றிரண்டு வாக்கியம். நான்கு, ஐந்து வயதில் பத்து நிமிடம் வரை போகலாம். பயம் வரும் பகுதி மொத்தக் கதையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. படத்தையும் பாருங்கள்: பக்கம் முழுக்கப் பல்லும் கண்ணுமாக ஒரு முகம் இருந்தால், வார்த்தை எவ்வளவு மென்மையாக இருந்தாலும் பிள்ளைக்கு அந்த முகம்தான் நினைவில் நிற்கும்.

எந்த மொழியில் சொல்வது? தாலாட்டு எந்த மொழியிலோ அந்த மொழியில். புத்தகம் தமிழில் இருக்கட்டும், வீட்டில் படகர்களின் படுகு மொழி பேசினால் படுகில் சொல்லுங்கள். இருளர், பணியர் வீடுகளிலும் அப்படியே. புத்தகம் வாங்க வசதி இல்லாதவர்களுக்கு, பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே எளிதாக இருக்கும் முதல் நிலைக் கதைகளிலிருந்து தொடங்குங்கள். சிக்னல் கிடைக்கும் இடத்தில் பகலிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம். படுக்கையில் திரையை நீட்டாமல், பகலில் படித்து ராத்திரி வாயால் சொல்வது நல்லது.

கெடுக்கும் பழக்கங்கள் சில. "சாப்பிடலைன்னா பூச்சாண்டி பிடிச்சுட்டுப் போயிடுவான்" என்று மத்தியானம் சொன்ன வாயால் ராத்திரி சொல்லும் ஆறுதல் எடுபடாது. சொல் கேட்காத குட்டியை நரி தின்றது என்ற கதையும் தூங்கும் நேரத்துக்கு உரியதல்ல. அன்று சொல் கேட்காத பிள்ளை தன்னையே அந்தக் குட்டியாக நினைத்துக்கொள்ளும். தாத்தா இறந்ததை "தூங்கிட்டாரு" என்று சொல்லாதீர்கள், பிள்ளை கண்ணை மூடவே பயப்படும். "செத்துப் போயிட்டாரு, அவர் உடம்பு இனிமே வேலை செய்யாது, நாங்க உன்கூட இருக்கோம்" என்பதே போதும்.

சொல்லும்போது பிள்ளையைப் பாருங்கள். உடம்பு விறைத்தாலோ, பக்கத்தை அவசரமாகத் திருப்பினாலோ, "போதும்" என்றாலோ நடுவில் நிறுத்தாமல் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய் முடித்துவிடுங்கள். பாதியில் மூடிய கதையில் குட்டி இன்னும் பனிக்குள்ளேயே இருக்கும்.

[திரையில்: எழுத்து மட்டும். 14416, 1098.]

கெட்ட கனவு வாரக்கணக்கில் தொடர்ந்தாலோ, நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வந்தாலோ, சாப்பாடும் விளையாட்டும் குறைந்தாலோ கதையோடு நிற்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மனநல ஆலோசனைக்கு டெலி மனஸ் எண் 14416, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. பேசும்போது எந்த நாளிலிருந்து தொடங்கியது, அன்று வீட்டில் என்ன நடந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.